நாணயமும் காவலும்

எழுத்துப் பிழை குறித்து யான் காட்டுங் கண்டிப்பை மாணாக்கர் பலர் பண்டிதரின் பிடிவாதம் என்றே கருதுவர். ஓர் எழுத்து மாறினால் உலகம் அழிந்துவிடுமா என்று கேட்டாரும் உளர். அவர்களுக்கு இப்பொழுதெல்லாம் யான் சூத்திரம் எடுத்துரைப்பதில்லை. ஓர் எழுத்துப் பிழையினால் இரண்டு கோடி டொலர் தப்பிய வரலாற்றைச் சொல்கிறேன்.

வங்காளதேச மத்திய வங்கி தன் பணத்தில் ஒரு பகுதியை நியூயோர்க்கிலுள்ள பெடரல் ரிசேவ் வங்கியில் வைப்பிலிட்டிருந்தது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆந் திகதி வியாழக்கிழமை இரவு, அப்பணத்தைப் பிற கணக்குகளுக்கு மாற்றுமாறு டாக்காவிலிருந்து 35 கட்டளைகள் சென்றன. மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர். வங்கிகள் தமக்குள் ஓலை பரிமாறிக்கொள்ளும் 'சுவிஃப்ட்' என்னும் வலையமைப்பின் வழியே முறைப்படி வந்த கட்டளைகள் அவை. அனுப்பியோர் மட்டுமே வங்கியார் அல்லர். வேலைக்கு விண்ணப்பிப்பார் போல மின்னஞ்சல் அனுப்பி, ஓராண்டுக்கு முன்னரே வங்கியின் கணினிகளுட் புகுந்து பதுங்கியிருந்த கள்வரே அவற்றை அனுப்பினர். நாளையும் நன்கு தேர்ந்தனர். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டாதலின் மணிலாவில் விடுமுறை. கட்டளைகளை உடனுக்குடன் தாளில் அச்சிட்டுக் காட்டும் இயந்திரத்தையும் ஊமையாக்கி வைத்தனர்.

ஐந்து கட்டளைகள் நிறைவேறின. நான்கின் வழியே 8 கோடி 10 இலட்சம் டொலர் மணிலாவிலுள்ள ஒரு வங்கிக்கிளைக்குப் போயிற்று. அதிற் பெரும்பகுதி சூதாட்ட மண்டபங்களிற் கரைந்தது. ஐந்தாவது கட்டளை இரண்டு கோடி டொலரை நமது இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பச் சொன்னது. அப்பெயரில் 'பவுண்டேசன்' என்றிருக்க வேண்டிய ஆங்கிலச் சொல் 'பண்டேசன்' என்று எழுதப்பட்டிருந்தது. இடைவழியில் நின்ற டொயிச்சு வங்கி அச்சொல்லில் இடறி, டாக்காவிடம் விளக்கங் கேட்டது. இங்குள்ள வங்கியில் ஓர் அலுவலரும், இத்துணைப் பெருந்தொகை இந்நாட்டுக்கு வழமையானதன்றே என்று ஐயுற்றார். பணம் திரும்பிற்று.

இதில் எனக்குள்ள பெருமிதம் ஒருபுறம் கிடக்கட்டும். டாக்காவின் நிலைமை யாது? வங்கியின் கணினிகளுக்குத் தீயரண் இருக்கவில்லை என்றும், அவற்றை இணைத்த கருவிகள் பத்து டொலர் பெறுமதியான பழைய கருவிகள் என்றும் விசாரணை செய்த பொலிசார் கூறினர். கோடிகள் புழங்கும் மாளிகைக்கு ஓலைப்படலை! அடுத்த மாதமே ஆளுநர் பதவி விலகினார். காவலை வெறுஞ் செலவென்று எழுதும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் நம்மூர் வியாபாரிகள் 'பாதுகாப்பு' என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்பதற்கு நியாயம் உண்டு. போர்க்காலத்திற் கல்லடிப் பாலத்தைக் கடந்தவர்கள் அதனை மறவார். 1924இல் திறக்கப்பட்ட அவ்வொடுங்கிய பாலத்தருகே சோதனைக்காக இறங்கி நின்ற வரிசைகளையும், பனிக்கட்டி உருகி ஒழுக வெயிலிற் காத்துக்கிடந்த மீன்பெட்டிகளையும் யான் கண்டிருக்கிறேன். அக்காவல் வருவார் அனைவரையும் ஐயுற்றது; ஆதலின் வாணிகம் நலிந்தது. இன்று புதிய பாலத்தின்மேல் வண்டிகள் தடையின்றி ஓடுகின்றன. இனியுமா காவல் என்று ஒருவர் கேட்டால் அவர்மேற் குறை காண இயலாது.

ஆனால் வாணிகத்தை வளர்க்கும் காவல் ஒன்றும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே, ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்களின்மேற் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அப்பொறி கடல்கடந்து வந்த வணிகனைத் துரத்துவதற்கு இட்டதன்று. முன்பின் அறியாத இருவர் ஒரு பொதியை நம்பிக் கைமாற்றுதற்கு அது இடந்தந்தது. இன்று கணினி வல்லார் 'இலக்கமுறைக் கையொப்பம்' என்று பேசுவதும் புலிப்பொறியின் வழித்தோன்றலே. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வழங்கும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமா? சரிபாராமையின் விளைவையும் நாம் அறிவோம். வைகாசி தோறும் இப்பகுதிக் கோயில்களிற் கண்ணகி வழக்குரை படிக்கக் கேட்கிறோம். சிலம்பினுள்ளே முத்தா மாணிக்கமா என்னும் ஒரு வினா கோவலன் உயிரோடிருந்தபோதே எழுந்திருக்குமாயின் மதுரை எரிந்திராது.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, கல்லடியில் தன் வீட்டு முன்னறையிலிருந்து மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை வெளிநாட்டுத் தமிழருக்கு விற்றுவருகிறாள். கடையும் முகவரும் அவளுக்கு இல்லை. ஒரு கைத்தொலைபேசியே உண்டு. ஒருநாள் அவளுக்கு அறிமுகமான ஒருவரின் பெயரில் ஒரு செய்தி வந்தது: தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறிலக்கக் குறியீடு வந்துவிட்டது, அதனைத் திருப்பி அனுப்புக என்று. பிள்ளைகள் 'ஓ.டி.பி.' என்று சொல்லும் அவ்விலக்கத்தை இவள் இரக்கப்பட்டு அனுப்பினாள். அடுத்த நாழிகையில் அவளது செய்திக்கணக்கு பிறர் கைக்குப் போயிற்று. அவள் பெயராலேயே வாடிக்கையாளரிடம் பணங் கேட்கப்பட்டது, மூவர் அனுப்பியும்விட்டனர். யாரும் அவளைத் திட்டவில்லை, அதுவே கொடிது. நான்கு மாதம் ஒரு சேலைக்கும் கேள்வி வரவில்லை.

அதன் பின்னர் அவள் செய்தவை பெருஞ்செலவானவை அல்ல. கணக்குக்கு இரண்டாம் பூட்டிட்டாள். வியாபாரத்துக்கென வேறு தொலைபேசி வாங்கினாள். தன் வங்கிக்கணக்கு இலக்கம் ஒருபோதும் செய்தி மூலம் மாற்றப்படமாட்டாது என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தன் குரலாலேயே சொன்னாள். பெரிய கட்டளை எதுவாயினும் பேசி உறுதிசெய்த பின்னரே பொதி அனுப்பினாள். சென்ற ஆண்டு பாரிசில் உள்ள ஒரு தமிழ்க் கடைக்காரர் மொத்தமாகச் சேலை எடுக்க விரும்பினார். அவர் விலை கேட்குமுன் கேட்டது, "எங்கள் வாடிக்கையாளரின் முகவரிகளை எங்கே வைக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள்?" என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுச்சட்டம் அவரை அவ்வாறு கேட்கச் செய்கிறது. நம்நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவ்வழியிலேயே இயற்றப்பட்டது. அவளிடம் விடை இருந்தது; வியாபாரமும் கிடைத்தது. காவலால் வாணிகம் வளரும் என்று நிபுணர் சொல்வதை யான் இவளிடமே கண்டேன்.

பிரதி வைத்தல் பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது, கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சாய்ந்ததைப் பலர் நினைவுகூர்வர். அக்கரையில் அழிந்த கடன் கொப்பிகளை நினைப்பார் சிலரே. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது நீரோடு போயிற்று. இதே குற்றம் 2023இல் அரசுக்கே நேர்ந்தது. அரசாங்கத்தின் மேகக்கணினியைக் கப்பங்கேட்கும் கள்வர் பூட்டியபோது, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள், மாற்றுப்பிரதி இன்மையால் மீளாமற் போயின. ஏட்டைப் படியெடுத்து வைத்த நம் முன்னோர் இவ்வளவு அசட்டையாக இருந்திலர்.

முதலிற் சொன்ன எழுத்துப் பிழைக்கு வருகிறேன். யான் சில காலமாக வகுப்பிலே கிரகித்தற் பயிற்சிக்கு, என் தொலைபேசிக்கு வரும் பொய்ச்செய்திகளையே எழுதிப்போடுகிறேன். பரிசு விழுந்தது, பொதி சுங்கத்திற் கிடக்கிறது, கணக்கு முடங்கப்போகிறது என்பன போன்றவை. முன்னர் பிள்ளைகள் ஒருமை பன்மை மயக்கத்தைக் கொண்டே கள்வனைப் பிடித்துவிடுவர். இப்பொழுது அது இயலவில்லை. செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுக்குந் தமிழில் ஒற்றுக்கூட மிகவேண்டிய இடத்தில் மிகுந்து நிற்கிறது. என் மாணாக்கரிலும் நன்றாகவே எழுதுகிறது. சென்ற வாரம் ஒரு செய்தியில் ஒரு பிழையேனும் காணமாட்டாது யானே தோற்றேன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, வங்கியின்ர இலக்கம் பாஸ் புத்தகத்தில இருக்கும். அதுக்கு எடுத்துக் கேட்டால் என்ன?" என்றாள். அவளுக்கு முழுப்புள்ளி கொடுத்தேன்.