கையோடு வரும் கூழாங்கல்: காட்டுப் பாறையில் ஏறும் முன் யோசிக்க வேண்டியது என்ன?

ஸ்போர்ட் கிளைம்பிங் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில். இன்று பெங்களூரு மாதிரியான நகரங்களில் ஆபீஸ் முடிந்ததும் கிளைம்பிங் ஜிம்முக்குப் போகும் இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. கொஞ்ச நாள் பழகியதும் அடுத்து வரும் ஆசை, "ஒருதடவை நிஜப் பாறையில ஏறிப் பாத்துடணும்" என்பதுதான். நல்ல ஆசை. ஆனால், எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இல்லை. காட்டுக்குள் இருக்கும் காங்க்ளோமரேட் பாறைக்கு ஜிம் பழக்கத்தோடு போனால், பாறைக்கும் ஆபத்து, ஏறுபவருக்கும் ஆபத்து.

காங்க்ளோமரேட் என்றால் என்ன?

கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலைக்குப் பதில் கூழாங்கல். வெல்லப்பாகுக்குப் பதில் மணலும் சுண்ணாம்பும். பழங்கால ஆறுகள் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த கற்கள் ஓரிடத்தில் குவிந்து, இடையில் மணல் புகுந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகிப்போனதுதான் இந்தப் பாறை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஜல்லி போட்டு கான்கிரீட் ஊற்றிய மாதிரியே இருக்கும்.

ஏறுபவர்களுக்கு இது கொண்டாட்டம். வெளியே துருத்தி நிற்கும் கல்லைக் கையால் பிடிக்கலாம். கல் கழன்று விழுந்த இடத்தில் குழி இருக்கும். அதற்குள் இரண்டு விரலையோ ஒரு விரலையோ நுழைத்து உடம்பைத் தூக்கலாம். ஆனால், பிடித்த கல் எப்போது கையோடு வரும் என்று சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

போல்டரிங், ஸ்போர்ட் கிளைம்பிங்: என்ன வித்தியாசம்?

போல்டரிங்கில் கயிறு கிடையாது. சில மீட்டர் உயரமுள்ள பாறை, கீழே தடிமனான மெத்தை, அவ்வளவுதான். ஸ்போர்ட் கிளைம்பிங் உயரமான பாறைமுகத்தில் நடக்கும். பாறையில் டிரில் போட்டு ஏற்கெனவே பதித்த போல்ட்டுகளில் கயிறை மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். விழுந்தால் போல்ட்டும் கயிறும், கீழே கயிறைப் பிடித்திருக்கும் நண்பரும் காப்பாற்றுவார்கள். காங்க்ளோமரேட்டில் போல்ட் கூழாங்கல்லை நம்பி நிற்க முடியாது. கல்லே பெயர்ந்து வரலாம். அதனால் நீளமான போல்ட், சில இடங்களில் எபாக்சி பசையோடு பதிக்கும் போல்ட் எனத் தெரிந்தவர்கள் பார்த்துச் செய்யும் வேலை அது.

மர்கலெஃப் சொல்லும் பாடம்

இந்த வகைப் பாறைக்கு உலகப் புகழ்பெற்ற இடங்களில் ஒன்று ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள மர்கலெஃப். மோன்ட்சான்ட் மலைத்தொடரின் மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் மிகச் சிறிய கிராமம். அமெரிக்க வீரர் கிறிஸ் ஷர்மா 2011-ல் இங்கே 9பி தரத்தில் ஒரு பாதையை முடித்தார். அவர் போல்ட் அடித்து வைத்திருந்த 'பெர்ஃபெக்டோ முண்டோ' என்ற இன்னொரு பாதையை 2018-ல் ஜெர்மனியின் அலெக்ஸ் மெகோஸ் முதலில் ஏறி முடித்தார். தரம் 9பி பிளஸ். உலகின் மிகக் கடினமான பாதைகளில் அதுவும் ஒன்று. உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஏறுபவர்கள் அந்தக் கிராமத்துக்கு வருகிறார்கள்.

கூட்டம் வந்தால் கேள்வியும் வரும். மோன்ட்சான்ட் 2002-லிருந்து இயற்கைப் பூங்கா. பாறைமுகத்தில் கழுகு போன்ற பறவைகள் கூடு கட்டுகின்றன. ஏறுபவர் தலைக்கு மேல் தெரிந்தால் தாய்ப்பறவை கூட்டைவிட்டுப் பறந்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும். அதனால்தான் இப்படிப்பட்ட பூங்காக்களில் கூடு கட்டும் மாதங்களில் சில பாறைகளை மூடிவிடுகிறார்கள். சிலருக்கு இது எரிச்சல். "லீவு போட்டு இவ்ளோ தூரம் வந்திருக்கோமே" என்ற ஆதங்கம் புரிகிறது. ஆனால், பறவைக்கு வேறு பாறை இல்லை. ஏறுபவருக்குப் பக்கத்திலேயே இன்னும் பல பாறைமுகங்கள் இருக்கின்றன.

பசையும் டிரில்லும்: எல்லை எது?

காங்க்ளோமரேட்டில் பெரிய விவாதமே இதுதான். ஆடும் கல்லைப் பசை போட்டு ஒட்டலாமா? குழியை டிரில் போட்டுப் பெரிதாக்கலாமா? இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கீழே நிற்பவர் தலையில் விழக்கூடிய கல்லைப் பலப்படுத்துவது பாதுகாப்பு. அதில் நியாயம் இருக்கிறது. பிடி இல்லாத இடத்தில் பிடியை உருவாக்குவது, தன் திறமைக்கு ஏற்றபடி பாறையை வெட்டிக்கொள்வது. இன்று தன்னால் முடியாத பாதையை பத்து வருஷம் கழித்து ஒரு பதினாறு வயதுப் பெண் ஏறக்கூடும். டிரில் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

மழைக்கும் இதே கணக்குதான். ஈரத்தில் கற்களைப் பிடித்திருக்கும் மணற்பாகு பலமிழக்கும். பாறை நன்றாகக் காயும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், பிடியையும் உடைத்து, தானும் விழுவார்.

நம்ம ஊரில் இருக்கிறதா?

இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டி அருகே, காட்டுக்குள் இருக்கும் குடியம் குகைகள் காங்க்ளோமரேட் பாறையில் உருவானவைதான். சென்னையிலிருந்து வார இறுதி ட்ரெக்கிங் போகிறவர்களுக்குத் தெரிந்த இடம். அந்தப் பாறைச் சுவரைப் பார்த்தால் ஏறுபவருக்குக் கை அரிக்கும். ஆனால், இங்கே கை வைக்கக் கூடாது.

காரணம், அந்தச் சுவரில் பதிந்திருக்கும் குவார்ட்சைட் கற்கள். இப்பகுதியில் ஆதிமனிதர்கள் கருவி செய்யப் பயன்படுத்தியது இந்த வகைக் கல்லைத்தான். பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. குடியத்திலும் தொல்லியல் அகழாய்வு நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட சுவரில் ஒரு போல்ட் அடித்தாலும், சாக்பீஸ் மாதிரி வெள்ளைப் பொடி பூசினாலும், அது வரலாற்றின் மேல் கிறுக்குவதற்குச் சமம். ஏற ஆசைப்படுபவர்களுக்கு ஹம்பியின் கிரானைட்டும் பதாமியின் மணற்கல்லும் இருக்கின்றன. அங்கேயும் கோயில், சின்னம் இருக்கும் பக்கம் போகாமல் ஏற வேண்டும்.

என்ன செய்யலாம்?

போகும் முன் அந்த இடம் யாருடையது, எந்த மாதம் மூடியிருக்கும் என்று விசாரியுங்கள். இருக்கிற பாதையிலேயே நடங்கள். ஹெல்மெட்டை ஏறுபவர் மட்டுமில்லாமல் கீழே கயிறு பிடிப்பவரும் போடட்டும். கல்லைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொத்தலாகச் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். பூசிய பொடியைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு இறங்குங்கள்.

ஜிம் சுவரில் ஒரு பிடி உடைந்தால் மறுநாள் புதுசு மாட்டிவிடலாம். காட்டுப் பாறைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. ஒரு குழு செய்யும் தவறால் ஒரு இடமே எல்லாருக்கும் மூடப்படலாம். "இன்னிக்கு வேணாம், திரும்பிடலாம்" என்று சொல்லத் தெரிவதும் கிளைம்பிங்கில் ஒரு திறமைதான். அதை எந்த ஜிம்மும் சொல்லித் தருவதில்லை.