யார் செய்த பாவம்?

குறையுள்ள குழந்தை பிறந்துவிட்டால், "யார் செய்த பாவமோ!" என்று பெற்றோரைத் தூற்றுவது நம் நாட்டு வழக்கம். கிறிஸ்தவத் தாய்க்கோ, "உன் விசுவாசம் போதவில்லை" என்ற ஏச்சும் சேர்ந்துகொள்கிறது. ஆனால், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டிச் சீடர்கள் இதே வினாவை எழுப்பியபோது, இயேசுபிரான் அவர்மீதோ அவரைப் பெற்றவர்கள்மீதோ பழி சுமத்தவில்லை. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரமே இதற்குச் சான்று.

வளரும் மூளைக்கு நேரும் பாதிப்பே மூளை முடக்குவாதம். இத்தகைய குழந்தைகளுக்காக 1981இல் தோன்றிய தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் நம் தரமணியில் இருக்கிறது. பயிற்சிக்காக மகனை இடுப்பில் சுமந்து செல்லும் தாயின் ஒவ்வோர் அடியும் ஜெபமன்றோ?

ஞாயிறு வழிபாட்டில் அம்மகனின் சக்கர நாற்காலிக்கு இடமுண்டா? ஆலயப் படிகளின் அருகே ஒரு சாய்தளம் அமைப்போம். அவள் விசுவாசத்தைச் சோதிக்குமுன், நம்முடையதைச் சோதிப்போம்!