‘பார்த்துச் சொல்றேன்’ என்றால் என்ன அர்த்தம்?

சகோதரிகளே, நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு காரியம் கேட்டால், முகத்துக்கு நேரே “முடியாது” என்று சொல்ல மாட்டோம். மனசு கஷ்டப்படுமே என்று, “பார்த்துச் சொல்றேன்” என்போம். சொன்னவருக்கு அதோடு விஷயம் முடிந்தது. கேட்டவளுக்கோ அன்றுதான் ஆரம்பம்! தினமும் வாசலைப் பார்ப்பதும், போனைப் பார்ப்பதுமாகப் பொழுது போகும்.

லால்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் ஏரியை ஒட்டிய ஊர். வெற்றிலைக் கொடிக்கால் உள்ள மண். சவுதி, துபாய், குவைத், சிங்கப்பூர் என்று ஆண்கள் சபர் போய்ச் சம்பாதிப்பது அங்கே பல காலமாக உள்ள வழக்கம். முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் போவார்கள். இப்போது மனைவி மக்களையும் அழைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்போது என்ன ஆகிறது? பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்குப் பூட்டு விழுகிறது. கொல்லையில் ஆடும் கோழியும், திண்ணையில் பூனையும் மிச்சம்.

அதே ஊரில் இன்னொரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கையில் இரண்டு குழந்தைகள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அவள் கேட்கிறாள்: “மாமி, நீங்க வர்ற வரைக்கும் உங்க வீட்டுல இருந்துக்கிட்டு, ஆடு கோழியையும் பார்த்துக்கட்டுமா?” மாமி துபாயிலிருந்து, “பார்த்துச் சொல்றேம்மா” என்கிறார். ஒரு வாரம் போகிறது. இரண்டு வாரம் போகிறது. வாட்ஸப்பில் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் மட்டும் இல்லை. இடையில் சிதம்பரத்தில் ஒரு சின்ன வீடு வருகிறது. முன்பணம் கொடுத்துப் பிடிப்பதா, மாமியின் பதிலுக்காக விடுவதா? பிடித்தபிறகு மாமி “சரி” என்றால் பணம் வீண். விட்டபிறகு மாமி “இல்லை” என்றால் குழந்தைகளோடு எங்கே போவாள்? ஒரு சொல் தாமதமானால் ஒரு குடும்பமே நடுவில் நிற்கிறது, பார்த்தீர்களா!

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது, நாய் பூனையோடு வீட்டைப் பார்த்துக்கொள்ள முன்பின் தெரியாதவர்களையே வைத்துக்கொள்கிறார்கள். வாடகையும் இல்லை, சம்பளமும் இல்லை. தங்க இடம், பதிலுக்குக் கவனிப்பு. இரு தரப்பையும் சேர்த்துவைக்கத் தனி நிறுவனங்களே உண்டு. 2010-ல் இங்கிலாந்தில் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் அவற்றில் ஒன்று. அங்கேயும் விண்ணப்பித்தவர்களுக்கு இதே காத்திருப்புதான். அதனால் அந்த நிறுவனம் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்து விண்ணப்பம் சேர்ந்ததும் மேற்கொண்டு வாங்குவதை நிறுத்திவைத்து, வந்தவற்றை முதலில் பார்க்கும்படி வீட்டுக்காரரைக் கேட்டது. நல்ல யோசனைதானே?

சரி, வீட்டுக்காரர்கள் ஏன் பதில் சொல்வதில்லை? கல்நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பயம்தான். “பன்னிரண்டு வருஷம் ஒருத்தர் குடியிருந்துட்டா வீடு அவங்களுக்கே சொந்தமாயிடுமாமே!” என்று யாராவது காதில் போட்டிருப்பார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஆதாரம் 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதில் 12 வருஷக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, அவர் அனுமதி இல்லாமல், “இது என்னுடையது” என்று பகிரங்கமாக அனுபவிப்பவரைப் பற்றியது. நீங்களே சாவியைக் கொடுத்து, “பார்த்துக்கொள்” என்று வைத்த ஆளுக்கு அது பொருந்தாது. கோவாவில் ஒரு சகோதரி தம் வீட்டில் உடன்பிறந்தவரைத் தங்கவிட்டு, அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. காவலுக்கு இருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வீட்டில் உரிமை வராது என்று 2012-ல் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. வீடு சகோதரிக்கே என்று தீர்ப்பானது.

ஆனாலும் வழக்கு என்று போனால் அலைச்சல்தானே? அதற்குத்தான் முதல் நாளே ஒரு காகிதம் எழுதிக்கொள்ள வேண்டும். “வாடகை இல்லாமல், வீட்டைப் பராமரிக்க மட்டும், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை தங்க அனுமதி” என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் பணம் வாங்குவதென்றால் அது வாடகை. அதற்குச் சட்டம் வேறு, விதிமுறை வேறு. ஒரு வக்கீலிடம் கேட்டுச் செய்வது நல்லது.

இன்னொரு காரணம், முடிவு ஒருவர் கையில் இருக்காது. வீடு அண்ணன் தம்பி பெயரில் கூட்டாக இருக்கும். மாமியார் ஒன்று சொல்வார், மகன் ஒன்று சொல்வார். “யாரைக் கேட்டு முடிவு சொல்வீங்க?” என்று மரியாதையாகத் தெரிந்துகொண்டால், பாதிக் காத்திருப்பு குறைந்துவிடும்.

கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது, தங்கைகளே! “வீடு சும்மாத்தானே கிடக்கு?” என்று ஆரம்பித்தால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“லாத்தா, ஜூன் ஒண்ணாம் தேதியிலேர்ந்து டிசம்பர் கடைசி வரைக்கும் உங்க வீட்டைப் பார்த்துக்கறோம். நானு, பிள்ளைங்க அத்தா, ரெண்டு பிள்ளைங்க, நாலு பேர்தான். ஆட்டுக்கும் கோழிக்கும் ரெண்டு வேளையும் நானே தீனி வைப்பேன். கரண்ட் பில் நாங்க கட்டிடறோம். உங்க அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்கங்க. மே பதினஞ்சுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லேன்னாலும் வருத்தம் இல்லை, வேற இடம் பார்த்துக்குவேன்.”

எத்தனை பேர், எவ்வளவு நாள், என்ன வேலை, எதற்குள் பதில் என்று நாலும் வந்துவிட்டது பாருங்கள். “இல்லை” என்று சொல்லவும் அவருக்கு வழிவிட்டிருக்கிறீர்கள். அந்த வழி இல்லாதபோதுதான் ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

பேசும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, சவுதியிலும் குவைத்திலும் 6.30. சிங்கப்பூரிலோ இரவு 11.30; தூங்குகிறவரை எழுப்பினால் நல்ல பதிலா வரும்? சவுதி, குவைத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. துபாயில் 2022 முதல் சனி, ஞாயிறு.

சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். தினமும் கேட்டால் நச்சரிப்பு; கேட்காமலே இருந்தால் மறதி. அந்தத் தேதியும் தாண்டிவிட்டதா? பதில் “இல்லை” என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். ஒரு வீட்டை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவையுங்கள். அதில் தப்பே இல்லை. எது முதலில் சரியானதோ, மற்றவர்களுக்கு உடனே தெரிவித்துவிடுங்கள். நமக்கு வராத பதிலை நாமாவது கொடுப்போமே! பதில் வரவில்லை என்பதற்காக, “நம்மை மதிக்கவில்லை” என்று இரவெல்லாம் புரண்டு படுத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கிற பெண்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் முக்கியம்.

இனி வீட்டுக்காரச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் யோசிக்கலாம், வாயில்லா ஜீவன் காத்திருக்காது. அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு 21 நாள் கணக்கு. சினை ஆட்டுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம். குட்டி போடும் நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும். “பக்கத்து வீட்டுப் பிள்ளை தண்ணி வைக்கும்” என்பது நாலு நாளுக்குச் சரி. நாலு மாதத்துக்குச் சரிவருமா?

வீடும் அப்படித்தான். கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலையும், 2015-ன் வெள்ளத்தையும் மறக்க முடியுமா? மொட்டைமாடிக் குழாயில் சருகு அடைத்தால் உத்தரம் ஊறிவிடும். பூட்டிய வீட்டுத் தொட்டியில் தேங்கிய தண்ணீரில், முட்டையிட்ட ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கத் தொடங்கும். அது உங்கள் வீட்டோடு நிற்காது, தெருவுக்கே கேடு. அதனால் ஆள் வைப்பதென்றால் மழைக்கு முன்பே முடிவு சொல்லுங்கள். வைப்பதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். “இப்போதைக்கு இல்லைம்மா, தப்பா எடுத்துக்காதே” என்று ஒரு வரி போதும்.

பதில் “சரி” என்று வந்துவிட்டதா? சந்தோஷம்! முதல் நாளே கரண்ட் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாமான்களைப் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். ஆடு, கோழி எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியைக் கழுவி மூடுங்கள். விறகு அடுக்கிய இடத்தில் கையை விடுவதற்கு முன்னால் கோலால் தட்டிப் பாருங்கள். கால்நடை மருந்தகத்தில் ஆடுகளுக்கு என்ன தடுப்பூசி பாக்கி என்று விசாரியுங்கள். பூனை ஆளைவிட வீட்டோடு ஒட்டியது. புது முகம் பழக நாலு நாள் ஆகும். அதுவரை குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஆக, சகோதரிகளே, கேட்பவள் தேதி வைத்துக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவள் தேதிக்குள் சொல்ல வேண்டும். “இல்லை” என்ற சொல் ஒரு நாள் வலிக்கும். மறுநாள் அவள் வேறு வீடு தேடக் கிளம்பிவிடுவாள். உங்கள் போனிலும் அப்படி யாருக்காவது பதில் பாக்கி இருக்கிறதா? இன்று அடுப்படி வேலை முடிந்ததும் எடுத்துப் பாருங்களேன்!