கோப்பையினும் பெரிது

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாகாது என்பர் சிலர். மாணவர்களே, இக்கருத்தை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆகிய உடன்பிறந்தோர் அவ்வணியின் தூண்களாக விளங்கினர். எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் இனஒதுக்கல் கொள்கையைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது.

இம்மறுப்பு திடீரென எழுந்ததன்று. விடுதலைக்கு முந்திய ஆண்டாகிய 1946இலேயே, தென்னாப்பிரிக்க இந்தியர்க்கு இழைக்கப்பட்ட அநீதியை இந்தியா ஐக்கிய நாடுகள் அவையில் முறையிட்டது. அந்நாட்டுடன் வணிகத்தையும் நிறுத்தியது. 1962இல் ஐ.நா. பொதுச்சபை, தென்னாப்பிரிக்காவோடு தூதரக உறவையும் வணிகத்தையும் துண்டிக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 1977இல் பாதுகாப்பு அவை ஆயுத விற்பனைக்குக் கட்டாயத் தடை விதித்தது.

வீரர்களின் உழைப்பு வீணாகலாமா என்னும் வினா நியாயமானதே. ஆயினும், நிறம் பார்த்து அணியைத் தேர்ந்த நாடே விளையாட்டில் அரசியலை முதலில் புகுத்தியது. அவ்வணியோடு கைகுலுக்கி ஆடியிருந்தால், அநீதியை நாமும் ஏற்றதாகவே பொருள்படும்.

இனஒதுக்கலை வீழ்த்தியவர்கள் முதன்மையாக அந்நாட்டு மக்களே. சிறையும் உயிரிழப்பும் அவர்கள் ஏற்றவை. ஒடுக்குவோரைத் தனிமைப்படுத்துவதே பிற நாடுகளால் இயன்ற துணை. 1994இல் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவரானார். 1974இல் நாம் விட்டுக்கொடுத்த கோப்பை, அந்நெடிய முயற்சியில் நமது சிறு பங்கு. அதனை இழப்பென்று கருதுதல் தகாது.