பெயரின் பழமையும் பெயரின் உரிமையும்

ஒரு பொருளின் பெயர் பழைய நூலொன்றில் பயின்றுவருவதை எடுத்துக்காட்டிவிட்டால் அப்பெயர்க்குரிய உரிமையும் நிலைநாட்டப்பட்டுவிடும் என்னும் கருத்து ஆய்வாளர் சிலரிடையே காணப்படுகிறது. மொழிப்பற்றின் வெளிப்பாடாகத் தோன்றினும் இக்கருத்து ஏற்புடையதன்று.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பெற்று, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரம், நற்பெயர் அல்லது பிற தனித்தன்மை அதன் தோற்ற இடத்தால் அமைந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை வரையறை. சொல்லின் வயது அவ்வரையறையில் இடம்பெறவில்லை. நற்பெயர் வரலாற்றால் விளைவதாதலின் இலக்கியச் சான்று பயனற்றதன்று. ஆயினும் அது துணைச்சான்றே.

ரசகுல்லா வழக்கு இதனைத் தெளிவுறுத்தும். ஒடிசாவினர் பலராமதாசரின் ஒடிய இராமாயணத்தைச் சான்று காட்டினர். வங்காளத்தினர் 19ஆம் நூற்றாண்டின் நவீன் சந்திர தாசை முன்னிறுத்தினர். முடிவில் வங்காள வகை 2017இலும் ஒடிசா வகை 2019இலும் தனித்தனியே பதிவுபெற்றன. எது முந்தியது என்னும் வினாவுக்குப் பதிவகம் விடை கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் எழவில்லை. இடப்பெயரே அல்லாத 'பாசுமதி' 2016இல் பதிவுபெற்றமையும் ஈண்டு நோக்கத்தக்கது. சட்டம் நாடுவது சொல்லின் வேரையன்று, பொருளின் நிலத்தை.

பெயர் பதிவானதும் அதனைப் படைத்தோர் காக்கப்பட்டனர் எனக் கொள்வதும் பிழையே. டார்ஜிலிங் தேயிலைப் பெயரின் பதிவுரிமை தேயிலை வாரியத்திற்கு உரியது. எப்பெயராயினும் அதனை உற்பத்தி செய்வோர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' எனத் தனியே பதிவு செய்துகொண்டாலன்றிச் சட்டம் தரும் பயன்பாட்டுரிமை அவரைச் சேராது. காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயர் பதிவேட்டில் இருப்பதாலேயே காஞ்சி நெசவாளர் ஒவ்வொருவரும் அவ்வுரிமை உடையவராகிவிடார். இவ்வேறுபாட்டைக் கூறாது பெயரை மட்டும் போற்றும் கட்டுரைகள் நெசவாளர்க்கு எப்பயனும் விளைப்பதில்லை.

பதிவகம் அமைந்திருப்பது சென்னையில். எனினும் விண்ணப்பங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அமைதல் வேண்டும் என்பது விதி. தமிழாய்வாளரின் கடமை உண்மையில் இங்குத்தான் தொடங்குகிறது. 'கோர்வை' என்பதனை வெறும் கரை என்று பெயர்த்துவிடின், வெவ்வேறு நிற ஊடைகளால் உடலையும் கரையையும் நெய்து பிணைக்கும் நுட்பம் ஆவணத்திலிருந்து மறைந்துபோகும். நுட்பம் மறையுமிடத்துப் போலியினின்று உண்மையைப் பிரித்தறியும் அளவுகோலும் மறையும்.

ஆகவே, பழம்பாடல்களில் பெயர்களைத் தேடித் தொகுப்பதோடு தமிழ்த்துறைகள் அமைதியுறுதல் தகாது. தறியிலும் வயலிலும் இன்று வழங்கும் தொழிற்சொற்களைப் பொருள் விளக்கத்துடன் தொகுத்து, விண்ணப்பங்களில் இடம்பெறும் பெயர்ப்புகளைச் சரிபார்த்தலே உடனடித் தேவை. பெயரின் பழமையை நிறுவுதல் புலமைக்குப் பெருமை தரலாம். அப்பெயரால் வாழ்வோரின் உரிமைக்குத் துணைநிற்பதே புலமையின் பயனாகும்.