புதிய ஆடுகளமும் தமிழ்மகளும்

திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூர்க்குத் தெற்கே அமைந்த ஊர் பாடாலூர். காலைப்பொழுதில் அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்க்கு நம் குமுகாயத்தில் நிகழ்ந்துள்ள மாற்றம் ஒன்று கண்கூடாக விளங்கும். சுற்றுச் சிற்றூர்களினின்று வந்து, வடக்கே பெரம்பலூர்க்கும் தெற்கே திருச்சிராப்பள்ளிக்கும் கல்லூரிப் படிப்பிற்காகச் செல்லும் பெண்மக்களே அம்மாற்றம். இவர்களின் பாட்டிமார் சின்ன வெங்காயக் கொல்லையிற் களை பறித்தவர்கள். தாய்மாரிற் பலர் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர்கள். இவர்களோ கல்லூரி வாயிலை மிதித்துவிட்டனர்! மகிழ்கின்றோம். ஆயினும், வகுப்பறைக் கதவு திறந்த அளவிற்குக் கல்லூரி விளையாட்டுத் திடலும் இவர்கட்குத் திறந்துள்ளதா? இதுவே நம் வினா.

'பெண்ணுடம்பு தாங்காது' என்பது உலகெங்கும் ஆண்கள் சொல்லிவந்த பொய். 1928ஆம் ஆண்டு ஆம்சுட்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர்க்கு 800 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. ஓடியவர் களைத்தனர் என்று கூறி, அதனை நீக்கிவிட்டனர். மீண்டும் அது சேர்க்கப்பட்டது 1960இல்தான். மகளிர் நெடுந்தொலைவோட்டமாகிய மாரத்தான் 1984இலும், பளுதூக்கல் 2000த்திலும், மற்போர் 2004இலும், குத்துச்சண்டை 2012இலுமே இடம்பெற்றன. தாங்காது என்ற உடம்பு அத்தனையும் தாங்கிற்று! சேற்றில் நாற்று நட்டு, கதிரறுத்து, கட்டுச் சுமந்து களத்திற்கு வரும் உழவர்குலப் பெண்ணைப் பார்த்துத் 'தாங்காது' என்று சொல்லத் தமிழன் ஒருவனுக்கு நாவெழலாமோ? கழக இலக்கியத்திற் பந்தும் கழங்கும் ஊசலும் புனலாட்டும் மகளிர் விளையாட்டுகள். மகளிர் போட்டியிட்டுப் பந்தடித்த திறத்தைப் பெருங்கதை விரித்துரைக்கின்றது. ஆடிய மகளை அடக்கி வைத்தது பின்வந்த இருளேயன்றி நம் பழம்பண்பாடு அன்று.

அமெரிக்கர் இத்துறையிற் செய்ததை நாம் அறிதல் நலம். அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களிற் பாலின வேறுபாடு கூடாதென 1972இல் ஆங்கே சட்டம் பிறந்தது. அதன்பின், 1994இல், அந்நாட்டுக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பு, மகளிர்க்கு 'வளர்முக விளையாட்டுகள்' என ஒரு பட்டியலை வகுத்தது. புதிய விளையாட்டொன்றை 40 கல்லூரிகள் மேற்கொண்டு அணி அமைத்தால், அதற்கு நாடளாவிய முழுநிலைப் போட்டித் தகுதி கிட்டும். படகு வலித்தலும், நீர்ப்பந்தும், கடற்கரைக் கைப்பந்தும் இவ்வழியே உயர்ந்தன. 2025 சனவரியில் மகளிர் மற்போரும் அத்தகுதியைப் பெற்றது. அமெரிக்கர் செய்தனர் என்பதற்காக நாம் எதனையும் பின்பற்ற வேண்டுவதில்லை. ஆயின், வாய்ப்பு வானினின்று விழாது, முறை வகுத்தே அதனைப் படைக்கவேண்டும் என்னும் பாடம் எவரிடமிருந்து வரினும் கொள்ளத்தக்கதே.

புதிய விளையாட்டை ஈண்டு நாம் வற்புறுத்துவதற்குக் கரணியம் உண்டு. பழகிப்போன விளையாட்டுகளில், நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு அகவையிலேயே விலைகொடுத்துப் பயிற்சி பெற்று முந்திவிடுகின்றனர். பதினெட்டு அகவையிற் கல்லூரிக்கு வரும் பாடாலூர்ப் பெண் அவர்களை எட்டிப் பிடிப்பது அரிது. புதிதாய்த் தொடங்கும் விளையாட்டிலோ அனைவரும் ஒரே கோட்டில் நிற்கின்றனர். ஆங்கே முந்துவது பணம் அன்று, உடலுறுதியும் ஊக்கமுமே.

வாள்வீச்சு மங்கை பவானி தேவியைப் பாருங்கள். 2004இல் வடசென்னைப் பள்ளியொன்றிற் புதிதாக நுழைந்த விளையாட்டு வாள்வீச்சு. பிற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் அதனை அவர் ஏற்றார். வாள் விலை மிகுந்தமையால் மூங்கிற் கழிகொண்டு பழகினார். அவரே 2021இல் தோக்கியோவில், ஒலிம்பிக்கு வாள்வீச்சிற் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். முதற்போட்டியை 15-3 என வென்றார். மகளிர் கால்பந்திலும் இத்தகைய எழுச்சியே. நெடுங்காலம் மணிப்பூரே கோலோச்சிய நாட்டளவிலான மகளிர் போட்டியில், 2018இல் அம்மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதன்முறை வாகை சூடிற்று. 2023இல் மீண்டும் வென்றது. இந்திய அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் நம் அண்டை மாவட்டமாகிய கடலூரின் மகளே.

புதியது என்றவுடன் அயலாரதை மட்டும் எண்ணற்க. நம் சடுகுடு 'கபடி' என்னும் பெயரோடு 1990இல் ஆசிய விளையாட்டிற் சேர்ந்தது. மகளிர்க்கு அக்களம் திறக்க மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 2010இற் குவாங்சௌ நகரில் இடம்பெற்ற முதன்முறையே இந்திய மகளிர் பொற்பதக்கம் கொண்டனர். 2025இற் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியிற் பொன் வென்ற அணியிற் சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகா ஆடினார். அவ்வாறே சிலம்பமும், ஆயிரமாண்டுக் கலையாயினும், கல்லூரி மகளிர்க்குப் புதிய ஆடுகளமே. அரசுப் பணிகளில் விளையாட்டினர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டமை பாராட்டத்தக்கது. ஒரு கழியும் ஒரு திடலும் ஓர் ஆசானும் போதும். இதனைத் தொடங்க எக்கல்லூரிக்கும் பொருட்குறை தடையாகாது.

இனி, நம் நெஞ்சை வருத்தும் செய்தி. ஊர்த்திடலிற் 'பாடிப் போதல்' என்றும் 'பிடி' என்றும் தமிழாற் பழகிய சடுகுடுவைத் தொலைக்காட்சி இன்று 'ரெய்டு' என்றும் 'டேக்கிள்' என்றும் கெடுத்துவிட்டது. தமிழன் ஆட்டத்தைத் தமிழனுக்கே தமிழர் நடுவே ஆங்கிலத்தில் விளக்கும் இழிவு வேறெவ்வினத்திற்கும் நேர்ந்ததுண்டோ? நம் சொல்லுக்கா பஞ்சம்? வீச்சு, தடுப்பு, காலடி எனச் சிலம்பம் முழுதும் தமிழிலேயே நடக்கவில்லையா? மட்டைப்பந்து, வளைகோற்பந்து, கூடைப்பந்து, இறகுப்பந்து, வாள்வீச்சு என்னும் சொற்கள் மக்கள் நாவிலேயே உள்ளன. புதிய விளையாட்டு நுழையும் அன்றே அதற்குத் தமிழ்ப்பெயர் இடுக. அயற்சொல் வேரூன்றியபின் களைவது பாறையிற் கிணறு தோண்டுவதை ஒக்கும். மேலும், இது மொழிப்பற்று மட்டும் அன்று. தமிழ்வழியிற் பயின்று வரும் சிற்றூர்ப் பெண், பயிற்றுநரின் ஆங்கிலக் கட்டளை விளங்காமையால் முதல்நாளே கூசிப் பின்வாங்குகின்றாள். உடம்பால் தகுதியுடையாளை மொழியால் விலக்குவது இரண்டாம் பூட்டு! இந்தித் திணிப்பை எதிர்த்து 1964இல் தன்னுயிர் ஈந்த கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி பிறந்த அரியலூர் மண்ணில், பாவேந்தர் பெயர் தாங்கி 1982இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் எல்லையில், இவ்விழிவு நிலவலாகாது.

எனவே நாம் கேட்பன நான்கு. ஒன்று: பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் சிலம்பத்தையோ சடுகுடுவையோ, அதனோடு புதிய விளையாட்டு ஒன்றையும், மகளிர்க்கெனத் தொடங்குக. இரண்டு: பெண் பயிற்றுநரை அமர்த்துக. உடைமாற்று அறையும் கழிப்பறையும் இல்லாத திடல் பெண்ணுக்குத் திடலே அன்று. மூன்று: பயிற்சி முடிந்து ஊர் திரும்ப மாலைப் பேருந்தும், பயிற்சியாளர்க்குச் சத்துணவும் உறுதிசெய்க. கடைசிப் பேருந்தின் அச்சத்தால் எத்தனை கால்கள் ஓடாமலே நின்றுவிட்டன! நான்கு: அறிவிப்பும் விதிநூலும் கட்டளையும் தமிழிலேயே அமைக.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். ஊரார் என்ன சொல்வர், மணவாழ்க்கைக்கு இடர் வருமோ என்றெல்லாம் அஞ்சி மகளைத் தடுக்காதீர்கள். அடிபட்டு எழவும், தோற்றுத் தளராதிருக்கவும், கூடி வெல்லவும் திடல் கற்பிப்பதை எந்நூலும் கற்பியாது. சாதி பாராமல் தோளோடு தோள் சேர்ந்து பதினொருவர் ஆடும் களம், நம் சிற்றூர்கட்கு இன்றியமையாத பள்ளியும் ஆகும். வாழ்வில் வரும் கொடுமைக்குத் தலைகுனியாத மகளை வேண்டுவீராயின், அவள் கையிற் புத்தகத்தோடு ஒரு கழியும் கொடுங்கள்.

பாடாலூர் நிறுத்தத்தில் நாளைக் காலை பேருந்தேறும் மகளின் தோள்பையில் ஆடுகள உடையும் இருக்கட்டும்! அவளை ஊக்கும் குரல் தூய தமிழாய் ஒலிக்கட்டும்! தமிழ்மகள் எழுக! தமிழ் வெல்க!