1,000 மணி நேர பயிற்சி, சம்பளம் ஜீரோ! ஆஸ்திரேலிய சமூகப்பணி மாணவர்களுக்கு 'பிராக் பேமென்ட்' யாருக்கு உதவும்? முழு விவரம்

ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள், பட்டம் வாங்கும் முன் 1,000 மணி நேரம் களப்பணி செய்தே ஆக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பல ஆண்டுகளாக எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2025 ஜூலை 1 முதல் அந்நாட்டு அரசு வாராந்திர உதவித்தொகை தரத் தொடங்கியது. ஆனால், இந்தப் பணம் எல்லோருக்கும் கிடைக்காது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே படிக்கப் போகும் மாணவர்களுக்குக் கிடையவே கிடையாது.

என்ன நடக்கிறது? எளிமையாகப் பார்க்கலாம்.

களப்பணி என்றால் என்ன?

சமூகப்பணி என்பது வகுப்பறையில் மட்டும் படித்துவிட்டு வரக்கூடிய தொழில் அல்ல. மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்புத் துறை, குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான காப்பகம், மனநல மையம், அகதிகளுக்கு உதவும் அமைப்பு போன்ற இடங்களில் நேரடியாக வேலை செய்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கான விதிகளை வகுப்பது, ஆஸ்திரேலிய சமூகப்பணியாளர் சங்கம். 4 ஆண்டு இளநிலைப் படிப்பாக இருந்தாலும், 2 ஆண்டு முதுநிலைப் படிப்பாக இருந்தாலும் 1,000 மணி நேரம் கட்டாயம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதை தலா 500 மணி நேரம் கொண்ட இரண்டு பயிற்சிகளாகப் பிரிக்கின்றன.

இறுதிப் பயிற்சி ஏன் இவ்வளவு முக்கியம்?

முதல் பயிற்சியில் கவனிப்பது, கூடவே போய்ப் பார்ப்பது, அறிக்கை எழுதப் பழகுவது போன்ற வேலைகள் அதிகம். இறுதிப் பயிற்சியில் அப்படி இல்லை. மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் இருந்தாலும், ஒரு குடும்பத்தையோ நோயாளியையோ மாணவரே பொறுப்பேற்றுக் கவனிக்க வேண்டியிருக்கும். முதல் பயிற்சி நடந்த சூழலிலிருந்து மாறுபட்ட ஒரு களத்தில்தான் பொதுவாக இது அமையும்.

இதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் சங்க உறுப்பினர் தகுதியும் இல்லை. எவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இந்தக் கடைசிப் படியைத் தாண்டியே ஆக வேண்டும்.

அப்புறம் என்ன சிக்கல்?

சிக்கல் பணம்தான். வாரத்துக்கு 35 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 1,000 மணி நேரத்தை முடிக்க 28 வாரங்களுக்கு மேல் ஆகும். அதாவது, ஏறத்தாழ 7 மாதம் முழுநேர வேலை. அந்த நாட்களிலும் வீட்டு வாடகை கட்ட வேண்டும், சாப்பிட வேண்டும், பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பயணம் செய்ய வேண்டும். அதுவரை பார்த்துவந்த பகுதிநேர வேலையையோ குறைக்க வேண்டும், இல்லை விட வேண்டும்.

இந்த நிலைக்கு அங்கே ஒரு பெயரே வந்துவிட்டது. 'பிளேஸ்மெண்ட் பாவர்ட்டி', அதாவது பயிற்சி தரும் வறுமை. ஏழைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் கைகொடுக்கப் படிக்கிறவர்களே, படிப்பை முடிக்க வறுமைக்குள் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் மாணவர்களின் குமுறல்.

அரசு என்ன செய்தது?

ஆஸ்திரேலிய உயர்கல்வியை ஆய்வு செய்த 'யுனிவர்சிட்டீஸ் அக்கார்ட்' குழுவின் இறுதி அறிக்கை 2024 பிப்ரவரியில் வெளியானது. சம்பளமில்லாப் பயிற்சிக்கு நிதியுதவி வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மே மாதம் அரசு திட்டத்தை அறிவித்தது. நவம்பரில் அதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

திட்டத்தின் பெயர் 'காமன்வெல்த் பிராக் பேமென்ட்'. ஆசிரியர், செவிலியர், பிரசவ உதவிச் செவிலியர், சமூகப்பணி என நான்கு துறை மாணவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். அறிவித்தபோது வாரத்துக்கு 319.50 ஆஸ்திரேலிய டாலர். 2025 ஜூலையில் தொடங்கியபோது 331.65 டாலராக உயர்ந்தது.

இந்தப் பணம் போதுமா?

ஒரு சின்னக் கணக்கு. 2025 ஜூலை நிலவரப்படி ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். 1,000 மணி நேரத்துக்கு 24,950 டாலர் வருகிறது. 28 வாரங்களுக்கு பிராக் பேமென்ட் வாங்கினால் கையில் வருவது சுமார் 9,300 டாலர். பாதிகூட இல்லை.

'இது சம்பளமே அல்ல, உதவித்தொகைதான்' என்பது அரசின் நிலைப்பாடு. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மாணவருக்குக் கற்றுத்தர, அனுபவமுள்ள ஒரு சமூகப்பணியாளர் தன் நேரத்தை ஒதுக்குகிறார். முழுச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் போட்டால், கைக்கும் வாய்க்குமாக ஓடும் தொண்டு அமைப்புகள் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதையே நிறுத்திவிடலாம். ஏற்கெனவே பயிற்சி இடம் கிடைப்பது பெரும்பாடு.

யாருக்குக் கிடைக்கும்? யாருக்குக் கிடைக்காது?

முதல் நிபந்தனை, பயிற்சி சராசரியாக வாரத்துக்கு 30 மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டாவது, பணத் தேவை இருப்பதைக் காட்ட வேண்டும். அரசின் வருமான உதவி பெறுபவராக இருக்கலாம். அல்லது வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தே ஆக வேண்டிய நிலையில், வரம்புக்குள் சம்பாதிப்பவராக இருக்கலாம்.

இடிப்பது அந்த 30 மணி நேர விதிதான். குழந்தை வைத்திருக்கும் ஒரு தாய், வேலையை விட முடியாமல் பயிற்சியை வாரத்துக்கு 3 நாளாகப் பிரித்துச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 7 மணி நேரம் என்றால் 21 மணி நேரம்தான் வரும். அவருக்கு இந்தத் தொகை கிடைக்காது. யாருக்கு அதிகம் தேவையோ, அவரே வெளியே நிற்கிறார்.

உளவியல், பிசியோதெரபி, மருத்துவம், கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்கும் கட்டாயப் பயிற்சி உண்டு. ஆனால், அவர்கள் பட்டியலிலேயே இல்லை.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்ன நிலை?

மாணவர் விசாவில் போகும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. உள்ளூர் மாணவர்களைவிட அதிகக் கட்டணம் கட்டும் அவர்கள், அதே 1,000 மணி நேரத்தையும் சும்மாதான் செய்ய வேண்டும்.

அவர்கள் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது விசா விதி. படிப்பின் கட்டாயப் பகுதியான களப்பணி அந்தக் கணக்கில் சேராது. கேட்க நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் 35 மணி நேர களப்பணி, 24 மணி நேர வேலை என்று கூட்டினால் வாரத்துக்கு 59 மணி நேரம். அதற்கு மேல்தான் படிப்பு, அறிக்கை, தூக்கம் எல்லாம். பகலில் காப்பகத்தில் கண்ணீரும் சண்டையுமான கதைகளைக் கேட்டுவிட்டு, இரவில் உணவகத்தில் தட்டு கழுவப் போக வேண்டும். அடுத்த நாள் காலை அதே காப்பகத்துக்கு அவர் எந்த மனநிலையில் போவார்?

நம்ம ஊரில் எப்படி?

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் மும்பையில், இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் தொடங்கியது. சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952இல் வந்தது. தமிழகக் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ படிப்பு 2 ஆண்டு. வகுப்புகளோடு சேர்த்து, பொதுவாக வாரத்துக்கு 2 நாள் களப்பணி. கடைசி செமஸ்டர் முடியும் நேரத்தில் சுமார் ஒரு மாதம் 'பிளாக் பிளேஸ்மெண்ட்'. கல்லூரிக்குக் கல்லூரி இது கொஞ்சம் மாறும்.

இங்கே ஒரே மூச்சில் 7 மாதம் முடங்கும் நிலை இல்லை. ஆனால் பஸ் காசு, வெளியூரில் தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் மாணவர் கையிலிருந்துதான். பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024இல் வந்தது, அப்போது மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. தொடங்கியபோது, முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் விண்ணப்பிக்க முடியாது என்றே விதி இருந்தது. மருத்துவ மாணவர்களின் ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு. அதே அரசு மருத்துவமனையில், அதே வார்டில் களப்பணி செய்யும் எம்.எஸ்.டபிள்யூ மாணவருக்கு அப்படி எதுவும் கிடையாது.

ஆஸ்திரேலியா போகத் திட்டமா? இதைக் கவனியுங்கள்

* படிப்புக்கு ஆஸ்திரேலிய சமூகப்பணியாளர் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீட்டைச் செய்வதும் இதே சங்கம்தான்.

* இரண்டு பயிற்சிகளும் எந்த மாதங்களில் வரும், பகுதிநேரமாகச் செய்ய அனுமதி உண்டா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

* கல்விக் கடன் கணக்குப் போடும்போது, 7 மாதத்துக்குப் பகுதிநேர வருமானம் குறையும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

* ஏஜென்ட் யாராவது 'பயிற்சிக்கு அரசே பணம் தரும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது உங்களுக்கான திட்டம் அல்ல.

அடுத்து என்ன?

30 மணி நேர விதியைத் தளர்த்த வேண்டும், மற்ற துறைகளையும் சேர்க்க வேண்டும் என்பவை மாணவர்கள் முன்வைக்கும் கோரிக்கைகள். 1,000 மணி நேரம் என்ற அளவு உண்மையிலேயே தேவையா என்ற விவாதமும் ஓயவில்லை. கொரோனா காலத்தில் அந்த அளவைத் தற்காலிகமாகக் குறைத்ததும் உண்டு.

வறுமையை நேரில் அனுபவித்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால், உதவி கேட்டு வருபவரின் நிலை அவர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆனால் 7 மாதம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடிந்தவர்களே பட்டம் வாங்க முடியும் என்றால், முதலில் படிப்பைக் கைவிடுவதும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.